ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்தப் பெட்ரோல்?

(மூன்றாமாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு மாணவன்)

கோயம்புத்தூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பஞ்சாலையும் பம்புசெட்டும் வெட் கிரைண்டரும்தான் ஞாபகம் வரும். ஆனால் மோட்டார் பந்தயத்திலும் நம் ஊருக்குத் தனி இடம் உண்டு. மாருதி 800 காரின் எஞ்சினை எடுத்து, அதற்கென்று எடை குறைந்த சேஸிஸ் கட்டி, ‘ஃபார்முலா மாருதி’ என்ற பந்தயக் காரை 1980-களின் இறுதியில் உருவாக்கியவர் கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன். அவர் 1995-ல் விமான விபத்தில் காலமானார். செட்டிபாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட 2.1 கிலோமீட்டர் பந்தயத் தடம் அவர் நினைவாகத்தான் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ என்று அழைக்கப்படுகிறது. ஃபார்முலா மாருதியில் ஓட்டிய நம் ஊர் நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியர் ஆனார்.

இப்படிப்பட்ட ஊரில் ஆட்டோமொபைல் படிக்கிறோம் என்று சொன்னாலே போதும். “தம்பி, அவினாசி ரோட்டுல சத்தம் போட்டுட்டுப் போகுதே அந்தக் காரு, அதுக்கு என்ன பெட்ரோல் ஊத்துவாங்க? அதையே நம்ம பைக்குல ஊத்துனா பறக்குமா?” என்று யாராவது கேட்டுவிடுவார்கள். பெட்ரோல் பங்கில் 95, 100 என்று எழுதிய தனித்தனிப் பம்புகள் வந்த பிறகு இந்தக் கேள்வி அதிகமாகிவிட்டது. நாளைக்கு சர்வீஸ் சென்டரிலோ ஒர்க் ஷாப்பிலோ நிற்கப்போகிறவர்கள் நாம்தான். நாம் சொல்கிற பதிலை நம்பி ஒருவர் பணம் செலவழிப்பார், இன்னொருவர் எஞ்சினையே ஒப்படைப்பார். ஆகவே இதைச் சரியாகத் தெரிந்துகொள்வது நம் கடமை என்று எண்ணியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஆக்டேன் எண் என்றால் என்ன?

ஆக்டேன் எண் பெட்ரோலின் பலத்தைக் காட்டும் எண் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அமுக்கத்தையும் சூட்டையும் தாங்கிக்கொண்டு, பிளக் தீப்பொறி விடும்வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் இருக்கும் தன்மையைத்தான் அந்த எண் காட்டுகிறது. நம் பாஷையில் சொன்னால் அது பெட்ரோலின் பொறுமை.

இதை அளப்பதற்கு அமுக்க விகிதத்தை ஓடும்போதே மாற்றக்கூடிய ஒற்றை சிலிண்டர் சோதனை எஞ்சின் ஒன்று இருக்கிறது. ஐசோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100 என்றும், நார்மல் ஹெப்டேன் என்ற திரவத்துக்கு 0 என்றும் மதிப்பு கொடுத்திருக்கிறார்கள். 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எந்த நிலையில் ‘நாக்’ ஆகிறதோ, அதே நிலையில் நாக் ஆகும் பெட்ரோலின் ஆக்டேன் எண் 91.

சோதனையிலும் இரண்டு வகை உண்டு. 600 ஆர்.பி.எம். வேகத்தில் செய்வது ரிசர்ச் ஆக்டேன் எண், சுருக்கமாக ‘ரான்’. 900 ஆர்.பி.எம். வேகத்தில், கலவையை நன்றாகச் சூடாக்கிச் செய்வது மோட்டார் ஆக்டேன் எண், அதாவது ‘மான்’. ஒரே பெட்ரோலுக்கு மான் எண் ரானைவிடச் சுமார் 10 குறைவாக வரும். 2020-ல் பி.எஸ்.6 விதி வந்தபோது சாதாரண பெட்ரோலுக்குக் குறைந்தபட்சம் ரான் 91, மான் 81. பிரீமியம் வகைக்கு 95, 85. இந்த வித்தியாசம் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

நாக் ஏன் வருகிறது?

பிளக்கில் தீப்பொறி வந்ததும் தீ ஒரு மூலையிலிருந்து பரவ ஆரம்பிக்கிறது. காய்ந்த சோளத்தட்டில் ஓரமாகத் தீ வைத்தால் வரிசையாக எரிந்துகொண்டு போவதைப் போல. இப்படிப் பரவும்போது எரிந்த வாயு விரிந்து, இன்னும் எரியாமல் கடைசி மூலையில் இருக்கும் கலவையை நசுக்குகிறது. அதன் சூடும் அழுத்தமும் ஏறிக்கொண்டே போகும. தீ வந்து சேருவதற்குள் அந்த மூலை தானாகவே பற்றிக்கொண்டால் அதுதான் நாக்.

அப்போது சிலிண்டருக்குள் அழுத்த அலைகள் மோதி எதிரொலிக்கின்றன. சாதாரணக் கார் சிலிண்டரின் அளவுக்கு இந்த அதிர்வு விநாடிக்கு ஆறேழாயிரம் முறை இருக்கும். வெளியே நமக்கு ‘டிங் டிங்’ என்று சில்லறை குலுங்குவது போலக் கேட்கும். உள்ளே பிஸ்டன் மேல் காப்பாக ஒட்டியிருக்கும் மெல்லிய வாயுப் படலம் கலைந்து, சூடு நேராக அலுமினியத்தில் ஏறுகிறது. தொடர்ந்து நடந்தால் பிஸ்டன் விளிம்பு அரிக்கும், ரிங் இருக்கும் பாகம் உடையும், ஹெட் கேஸ்கெட் போகும். ஸ்போர்ட்ஸ் காரில் இந்த ரிப்பேர் லட்சக் கணக்கில் வரும்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு மட்டும் ஏன் தனிப் பெட்ரோல்?

நம் தெர்மல் பாடத்தில் ஆட்டோ சைக்கிள் படித்திருக்கிறோம். அதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம்.

அமுக்க விகிதம் 9 உள்ள எஞ்சினையும், 12.5 உள்ள எஞ்சினையும் எடுத்துக்கொள்வோம். பின்னது ஃபெராரி 458 இத்தாலியாவின் விகிதம். காமாவை 1.4 என்று வைத்தால் 9-க்கு 0.4 அடுக்கு 2.41, 12.5-க்கு 0.4 அடுக்கு 2.75. கொள்கை அளவிலான வெப்பத் திறன் முதல் எஞ்சினுக்கு 58.5 சதவீதம், இரண்டாவதற்கு 63.6 சதவீதம். அதே பெட்ரோலிலிருந்து கூடுதல் வேலை கிடைக்கிறது. இதற்காகத்தான் வேகக் கார் செய்பவர்கள் விகிதத்தை ஏற்றுகிறார்கள்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. உள்ளே வரும் கலவை 27 டிகிரி செல்சியஸ், அதாவது 300 கெல்வின் என்று வைத்துக்கொண்டால், அமுக்கம் முடியும்போது முதல் எஞ்சினில் சுமார் 450 டிகிரி செல்சியஸ். இரண்டாவதில் சுமார் 550. உண்மையில் சுவர் வழியாகப் போகும் சூட்டினாலும் பெட்ரோல் ஆவியாவதாலும் இரண்டுமே குறைவாக இருக்கும். ஆனாலும் தீப்பொறிக்கு முன்பே ஏறக்குறைய 100 டிகிரி வித்தியாசம் வந்துவிடுகிறது. இந்தச் சூட்டைப் பொறுத்துக்கொள்ளத்தான் உயர்ந்த ஆக்டேன் தேவை. லம்போர்கினி ஹுராகானின் விகிதம் 12.7. போர்ஷே 911 காருக்குக் கம்பெனி பரிந்துரைப்பது ரான் 98.

அமுக்க விகிதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடவும் கூடாது. 2016-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த நிசான் ஜி.டி.ஆர். காரின் விகிதம் வெறும் 9. ஆனால் அதில் இரண்டு டர்போ இருக்கின்றன. சிலிண்டருக்குள் போகும் முன்பே காற்றை அழுத்தி அனுப்புவதால் அதற்கும் உயர்ந்த ஆக்டேன்தான் வேண்டும்.

மறுபுறம், ஃபார்முலா மாருதியை நினைத்துப் பாருங்கள். ஒரு குடும்பக் காரின் எஞ்சினைப் பந்தயச் சேஸிஸில் வைத்ததாலேயே அதன் ஆக்டேன் தேவை கூடிவிடாது. விகிதத்தையும் டைமிங்கையும் மாற்றாதவரை அது அதே எஞ்சின்தான். எடை குறைவதால் வேகம் கிடைக்கிறது. ஆகவே காரின் உருவத்தைப் பார்த்துப் பெட்ரோல் சொல்லக்கூடாது, எஞ்சினைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் நம் வண்டிக்கு?

ஒரு நாள் பங்கில் வரிசையில் நிற்கும்போது என் அப்பா கேட்டார்: “ஏங்கண்ணு, அந்தப் பக்கம் வெல கூடுன பெட்ரோலு ஊத்தறாங்களே, அதப் போட்டா நம்ம எக்ஸெல்லு லோடோட மேடேறுமா? நீதான் அதப் படிக்கறயே, சொல்லு.”

“வேண்டாங்கப்பா. நம்ம வண்டி அந்தளவுக்கு அமுக்கறதில்லைங்க. செயினை இறுக்கி, டயர்ல காத்து சரியா வெச்சா அதுவே போதுங்க” என்றேன்.

இந்தப் பதிலுக்குப் பின்னால் உள்ள காரணம் இதுதான். நாக்கே வராத எஞ்சினுக்கு நாக்கைத் தடுக்கும் பெட்ரோல் ஊற்றி என்ன பயன்? டைமிங்கைத் தானாக முன்னே நகர்த்திக்கொள்ளும் அமைப்பு இல்லாத வண்டிக்குக் கூடுதல் ஆக்டேன் ஒரு துளி சக்தியும் தராது. லிட்டருக்குப் பத்து ரூபாய் கூட என்று வைத்து, வாரம் 5 லிட்டர் போட்டால் வருஷத்துக்கு 2,600 ரூபாய். எங்களைப் போன்ற வீட்டில் அந்தப் பணத்துக்கு வண்டி டயரே மாற்றிவிடலாம். இதில் 100 ஆக்டேன் பெட்ரோல் வேறு. இந்தியன் ஆயில் நிறுவனம் மதுரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்து 2020 டிசம்பரில் கொண்டுவந்த ‘எக்ஸ்பி 100’, அறிமுகமானபோது டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். அப்போது அங்கே சாதாரண பெட்ரோல் சுமார் 82 ரூபாய்தான்.

ஸ்போர்ட்ஸ் காரில் குறைந்த ஆக்டேன் போட்டால்?

இந்தக் காலத்துக் காரில் எஞ்சின் பிளாக்கில் ‘நாக் சென்சார்’ என்ற சிறிய கருவி இருக்கும். மேலே சொன்ன அதிர்வை அது கேட்டதும் இ.சி.யூ. என்ற கணிப்பொறிக்குச் சொல்லும். இ.சி.யூ. உடனே இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளும், டர்போ இருந்தால் அழுத்தத்தையும் குறைக்கும். எஞ்சின் தப்பித்துக்கொள்ளும், ஆனால் பிக்கப் குறையும், மைலேஜ் குறையும், புகைக்குழாயில் சூடு கூடும். கோடிக் கணக்கில் கொடுத்து வாங்கிய சக்தியில் ஒரு பகுதியைப் பங்கிலேயே விட்டுவிட்டு வருவது மாதிரி இது.

சென்சார் இருக்கிறதே என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. அது நாக் வந்த பிறகுதான் கேட்கும். செட்டிபாளையம் தடத்தில் போல முழு ஆக்ஸிலேட்டரில் சுற்றிச் சுற்றி ஓட்டினால் தாங்கும் எல்லை தாண்டிப் போகலாம். தவறிப் போய் குறைந்த ஆக்டேன் ஊற்றிவிட்டால் பதற வேண்டாம். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்காமல் மெதுவாக ஓட்டி, அடுத்த நல்ல பங்கில் உயர்ந்த வகையைச் சேர்த்தால் போதும். பாதி டேங்க் 91-ம் பாதி டேங்க் 100-ம் சேர்ந்தால் ஏறக்குறைய 95 அல்லது 96 ஆகிவிடும்.

நம் பக்கத்து மலைப் பாதையிலும் இதைப் படிக்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறும்போது டாப் கியரிலேயே இழுத்தால் குறைந்த ஆர்.பி.எம்.மில் லோடு கூடி நாக் வரும். கியரைக் குறைத்தால் நின்றுவிடும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கீழே உள்ளதில் முக்கால் பங்குதான். அதனால் டர்போ இல்லாத எஞ்சினுக்கு அங்கே ஆக்டேன் தேவையும் குறைந்துவிடும். டர்போ எஞ்சின் காற்றை அழுத்தி ஈடுகட்டிக்கொள்வதால் அதற்கு இந்தச் சலுகை முழுதாகக் கிடைக்காது.

எத்தனால் கலந்த பெட்ரோல்

ஆக்டேன் என்பது பலம் அல்ல என்பதற்கு நம் கண்ணெதிரே உள்ள சாட்சி எத்தனால்தான். கரும்பு, மக்காச்சோளம், நொய் அரிசி ஆகியவற்றிலிருந்து வடிக்கப்படும் எத்தனாலின் ரான் சுமார் 108. பெட்ரோலைவிட எவ்வளவோ பொறுமைசாலி. ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் வெப்பம் என்றால், ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21 மெகாஜூல்தான்.

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் சில பங்குகளில் தொடங்கி 2025-ல் நாடெங்கும் வந்தது. கணக்குப் போட்டால் 32-ல் 80 சதவீதமும் 21-ல் 20 சதவீதமும் சேர்ந்து 29.8 மெகாஜூல். ஏறக்குறைய 7 சதவீதம் குறைவு. எத்தனாலுக்கென்று வடிவமைக்காத பழைய நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021-ல் நிதி ஆயோக் அறிக்கையும் சொன்னது. அதே சமயம் இந்தக் கலப்பினால் பெட்ரோலின் ரான் 91-லிருந்து 95-க்கு உயர்ந்திருக்கிறது என்று 2025-ல் பெட்ரோலிய அமைச்சகம் கூறியது. ஆக்டேன் ஏறுகிறது, வெப்பம் இறங்குகிறது! இரண்டும் வேறு வேறு என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

ஸ்போர்ட்ஸ் காருக்கு இதில் இரண்டு செய்தி உண்டு. எத்தனால் ஆவியாகும்போது நிறைய சூட்டை உறிஞ்சிக் கலவையைக் குளிர வைக்கும். அதற்கென்று டியூன் செய்த எஞ்சினுக்கு அது வரம். 2022-ல் ஃபார்முலா 1 பந்தயத்திலேயே 10 சதவீத எத்தனால் கட்டாயமானது. ஆனால் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ரப்பர் ஹோஸும் சீலும் எத்தனாலுக்கு ஒத்துவராமல் போகலாம். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். வாரக் கணக்கில் ஷெட்டிலேயே நிற்கும் காருக்கு இது முக்கியம். ஆகவே ஆக்டேன் எண்ணோடு, எத்தனை சதவீதம் எத்தனால் வரை அந்தக் கார் ஏற்கும் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

அமெரிக்க 91 வேறு, நம் 91 வேறு

இது நிறையப் பேர் ஏமாறும் இடம். அமெரிக்காவில் பம்பில் எழுதும் எண் ரானுக்கும் மானுக்கும் சராசரி. பி.எஸ்.6 வந்தபோது இருந்த விதிப்படி நம் சாதாரண பெட்ரோலுக்கு 91-ம் 81-ம் சேர்ந்து சராசரி 86. நம் 95 பிரீமியத்துக்கு 95-ம் 85-ம் சேர்ந்து 90. அமெரிக்கப் புத்தகத்தில் ‘91 ஆக்டேன்’ என்று போட்டிருந்தால் அது நம் கணக்கில் ரான் 95, 96. அதைப் படித்துவிட்டு “நம்ம ஊர் 91-ம் அதுவும் ஒண்ணுதானே” என்று ஊற்றினால் எஞ்சின்தான் கஷ்டப்படும்.

பெட்ரோல் மருந்து அல்ல

நான் தொழிற்பயிற்சிக்குப் போன ஒரு ஒர்க் ஷாப்பில், நாக் சத்தத்தோடு வரும் எந்தக் காராக இருந்தாலும் “பிரீமியம் ஊத்துங்க சார், சரியாயிடும்” என்று சொல்லி அனுப்புவார்கள். ஒரு பழைய கார் மூன்று மாதம் அப்படியே பிரீமியத்தில் ஓடி, கடைசியில் சூடேறித் திரும்பி வந்தது. ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டன் மேல் கனமாகக் கரி. ரேடியேட்டர் பாதி அடைப்பு. கரி இடத்தை அடைத்ததால் அமுக்கம் கூடியிருந்தது, தண்ணீர் சரியாகச் சுற்றாததால் சூடும் கூடியிருந்தது. விலை உயர்ந்த பெட்ரோல் சத்தத்தை மூடி வைத்ததே தவிர, நோயைத் தீர்க்கவில்லை. அந்த மூன்று மாதக் கூடுதல் காசு ஒரு வாடகை டிரைவரின் பாக்கெட்டிலிருந்து போனது.

தேர்ந்தெடுக்கும் முறை

1. டேங்க் மூடியின் உட்புறத்தையும் உரிமையாளர் கையேட்டையும் முதலில் பார்க்க வேண்டும். மற்றவர் பேச்சு அதற்குப் பிறகுதான்.

2. ‘குறைந்தபட்சம்’ என்பதும் ‘பரிந்துரை’ என்பதும் வேறு. குறைந்தபட்சத்துக்குக் கீழே போகவே கூடாது. பரிந்துரைத்த எண்ணைப் போட்டால்தான் கம்பெனி சொன்ன முழு சக்தி கிடைக்கும்.

3. எண் ரானா, அமெரிக்கச் சராசரியா என்று கவனிக்க வேண்டும்.

4. எத்தனால் அளவு அந்தக் காருக்கு ஏற்றதா என்று சரிபார்க்க வேண்டும்.

5. பிரீமியம் நன்றாக விற்பனையாகும் பங்கில் வாங்குவது நல்லது. நாள்பட நிற்கும் பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பாகம் போய்விடும்.

6. பரிந்துரைக்கு மேலே போவதால் பெரும்பாலான கார்களில் லாபம் இல்லை. 95 கேட்கும் காருக்கு 100 ஊற்றுவது காசுக்குக் கேடு.

7. பாட்டிலில் விற்கும் ‘ஆக்டேன் பூஸ்டர்’ விஷயத்தில் எச்சரிக்கை தேவை. சிலவற்றில் மாங்கனீசுச் சேர்மம் இருக்கும். பிளக்கிலும் கேட்டலிடிக் கன்வர்ட்டரிலும் படியும்.

கடைசிக் குறிப்புக்கு ஒரு சரித்திரப் பாடமும் உண்டு. 1921-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி, ஈயச் சேர்மத்தைக் கலந்தால் நாக் நிற்கும் என்று கண்டுபிடித்தார். உலகமே அதைப் பின்பற்றியது. அந்த ஈயம் புகையோடு வெளியே வந்து குழந்தைகளின் மூளையைப் பாதித்தது. இந்தியாவில் 2000 பிப்ரவரியோடு ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. எஞ்சினுக்கு நல்லது என்று மட்டும் பார்த்து ஒன்றைக் கலப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இது போதும்.

நண்பர்களே, பெட்ரோல் தேர்வு என்பது சிறிய விஷயம் போலத் தோன்றலாம். ஆனால் நம் டிப்ளமோவின் மதிப்பு இப்படிப்பட்ட சிறிய விஷயங்களில்தான் வெளியே தெரியும். ஃபெராரிக்காரர் வந்து கேட்டால் “98 போடுங்க சார்” என்று காரணத்தோடு சொல்லும் துணிவு வேண்டும். எக்ஸெல் வண்டிக்காரர் வந்து கேட்டால் “சாதாரணதே போதுங்கண்ணா, காசை மிச்சம் பண்ணுங்க” என்று சொல்லும் நேர்மையும் வேண்டும். நாம் படித்தது அந்த இரண்டு பேருக்கும் பயன்பட வேண்டும்.